எனக்கும் சேர்த்துத் தொட்டுட்டு வா

எருசலேமுக்குக் கிளம்பும் முந்தைய நாள் இரவு அம்மா ஒரு கைக்குட்டையை நான்காக மடித்து என் கையில் வைத்தார். வெள்ளைத் துணி, ஓரத்தில் நீல நூல் தையல்.

"அங்கே ஒரு கல்லு இருக்காமே, ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்தின கல்லு. அதுல இதை வச்சுத் துடைச்சு எடுத்துட்டு வா. எனக்கும் சேர்த்துத் தொட்டுட்டு வாம்மா."

அம்மாவின் முழங்கால்கள் அப்போதே ஓய்ந்துவிட்டிருந்தன. புனித பூமி முழுக்கப் படிகள்; அவரால் முடியாது என்று அவருக்கே தெரியும். சித்தி தன் பங்குக்கு ஒரு தாளை நீட்டினார். அதில் பதினாறு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வேண்டுதல். வரன், வேலை, பைபாஸ் சர்ஜரி, குடிப்பழக்கம். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் எதுவும் எழுதவில்லை. கேட்டதற்கு, "அவருக்குத் தெரியும்" என்றார் சித்தி.

பெத்லகேமைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அங்கே கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் தள்ளிக்கொண்டே வெளியே விட்டுவிட்டது. பிறப்புப் பேராலயத்தின் வாசல் நாலடி உயரம்தான், பெரியவர்கள் யாராக இருந்தாலும் குனியாமல் உள்ளே போக முடியாது. கீழே குகையில் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம், அதைத் தொட முழந்தாளிட்ட ஒரு நொடி, அவ்வளவுதான். கெத்சமனித் தோட்டத்தில் மனம் கொஞ்சம் நின்றது. அங்கே எட்டு ஒலிவ மரங்கள் முறுக்கிப் பிழிந்த துணி போல நிற்கின்றன. அவற்றில் மூன்றைச் சோதித்துப் பார்த்து, இன்றிருக்கும் அடிமரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். ஆண்டவர் வியர்வை சிந்திய இரவைப் பார்த்த மரங்கள் இவை இல்லை என்று எங்கள் குழுவில் ஒருவருக்கு ஒரே ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொள்ளாயிரம் வருடமாக எத்தனை பேர் அழுததை அவை பார்த்திருக்கும்!

இயேசு சிலுவை சுமந்து போன வழியில், ஸ்தலம் என்று சொல்லும் பதினான்கு இடங்களில் நின்று ஜெபிப்பதுதான் சிலுவைப் பாதை. அதற்கு விடியும் முன்பே புறப்பட்டோம். கடைகள் திறந்துவிட்டால் பழைய நகரின் அந்தச் சந்துகளில் ஜெபம் பண்ண முடியாது, பேரம்தான் கேட்கும். கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன, படிகளில் பூனைகள் படுத்திருந்தன, எங்கோ ரொட்டி வேகும் வாசனை வந்தது. ஆளுயர மரச்சிலுவை ஒன்றை முறை வைத்துச் சுமந்தோம். இன்று நாம் நடக்கிற இந்தப் பாதை, பிரான்சிஸ்கன் துறவியரும் திருப்பயணிகளும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்து நடந்து வகுத்தது. இயேசு காலத்துத் தெரு இதற்குப் பல அடி ஆழத்தில் கிடக்கிறது. ஐந்தாம் ஸ்தலத்தில், அதாவது சிரேன் ஊர் சீமோன் சிலுவையை வாங்கிக்கொண்ட இடத்தில், சுவரில் ஒரு கல் இருக்கிறது. நடுவே உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருக்கிறது. தள்ளாடிய ஆண்டவர் கையூன்றிய இடம் என்பது நம்பிக்கை. அந்தக் குழியை ஆண்டவர் கை பண்ணியதோ இல்லையோ, அவருக்குப் பின்னால் வந்தவர்களின் கைகள் பண்ணியிருக்கின்றன. கல் எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தது. நானும் கையை வைத்தேன். என் கை அதற்குள் சரியாக அடங்கியது.

பதினான்கு ஸ்தலங்களில் முதல் ஒன்பதும் தெருவோடு போய்விடும். மீதி ஐந்தும் திருக்கல்லறைப் பேராலயத்துக்கு உள்ளேதான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுப்பி 335இல் அர்ச்சித்த, அதாவது புனிதப்படுத்திய, கோயில் அது. 1009இல் கலீஃபா அல்-ஹக்கீம் உத்தரவால் இடிக்கப்பட்டது. இப்போது இருப்பது பெரும்பாலும் சிலுவைப்போர் வீரர்கள் கட்டி 1149இல் அர்ச்சித்தது. கிரேக்கர்கள், கத்தோலிக்கர்கள், ஆர்மீனியர்கள், காப்டிக், சிரியன், எத்தியோப்பியத் திருச்சபையினர் என்று ஆறு பிரிவுகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் கோயில். யார் எந்தத் தூணைத் துடைக்கலாம், எந்த விளக்கை ஏற்றலாம் என்பது வரைக்கும் பழைய ஒட்டோமான் ஆணைப்படிதான் நடக்கிறது. வாசலுக்கு மேலே ஒரு ஜன்னலடியில் சின்ன மர ஏணி சாய்ந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே இருக்கிறது. எடுப்பது யார் உரிமை என்று தீராததால் யாரும் எடுப்பதில்லை. இவர்களுக்குள் இப்படி இருக்க, கதவின் சாவியைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது ஒரு முஸ்லிம் குடும்பம். பூட்டைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம். சண்டை போடும் அண்ணன் தம்பிகள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பதில்லையா, அப்படித்தான். இதைக் கேட்டு எங்கள் ஃபாதர் சிரித்தார். எனக்குப் பாதிச் சிரிப்பும் பாதி வெட்கமுமாக இருந்தது.

உள்ளே நுழைந்ததும் எதிரே தரையோடு கிடக்கிறது அபிஷேகக் கல். அரிமத்தியா யோசேப்பும் நிக்கதேமுவும் ஆண்டவரின் உடலுக்கு நறுமணப் பொருட்கள் பூசியதன் நினைவாக வைத்தது. செம்மை படிந்த நீளமான பலகைக் கல், மேலே வரிசையாக விளக்குகள் தொங்குகின்றன. சுற்றிலும் பெண்கள்தான். ஒரு பாட்டி சின்ன பாட்டிலிலிருந்து வாசனை எண்ணெயை ஊற்றித் துணியால் கல் முழுக்கப் பரப்பினார். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல அவ்வளவு பக்குவமாகத் தேய்த்தார். அவர் பேசியது எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை. நான் கைக்குட்டையை எடுத்ததைப் பார்த்து, தான் எண்ணெய் தேய்த்த இடத்தைக் காட்டித் தலையசைத்தார். துணியை விரித்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தித் துடைத்தேன். எனக்குத் தெரியும், இந்தக் கல் 1810இல் பதித்தது. 1808 தீவிபத்துக்குப் பிறகு நடந்த மராமத்தில் வைத்தது. அம்மாவுக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் அசைந்திருக்க மாட்டார்.

வலப்பக்கம் செங்குத்தான படியேறினால், ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த கல்வாரி. பலிபீடத்துக்கு அடியில் ஒரு துளை இருக்கிறது. முழந்தாளிட்டுத் தவழ்ந்து கையை விட்டால் பாறை தட்டுப்படும். ஜில்லென்று இருந்தது. அங்கேதான் முதல் தடவையாகத் தொண்டை அடைத்தது.

பிறகு கல்லறை. கோயிலுக்குள் கோயில் போல ஒரு சிற்றாலயம், அதைச் சுற்றி நீண்ட வரிசை. 2016இல் மராமத்துக்காக மேலே மூடியிருந்த சலவைக்கல்லைத் தூக்கினார்கள். அடியில் சிலுவை செதுக்கிய இன்னொரு கல், அதற்கும் அடியில் சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய படுக்கை இருந்ததாம். அங்கிருந்த சாந்தைச் சோதித்தபோது 4ஆம் நூற்றாண்டு என்று தெரிந்தது. வரிசையில் நின்றபடி இதையெல்லாம் அசை போட்டேன். தாளிலிருந்த பதினாறு பெயர்களையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். முறை வந்தது. குனிந்து உள்ளே போனேன். மூன்று பேர் நின்றால் அடைத்துக்கொள்ளும் அறை, வலப்பக்கம் வெள்ளைச் சலவைக்கல். நெற்றியை அதில் வைத்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஜெபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரு பெயர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கி இரண்டாம் வரிக்கே போகவில்லை. பின்னால் அத்தனை பேர் காத்திருக்கும்போது ஒருவருக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். வெளியே வந்துவிட்டேன். வாழ்நாளில் ஒரு தடவை கிடைப்பதைத் தவறவிட்ட மாதிரி கை கால் எல்லாம் வெறுமையாகிவிட்டது.

யாரிடமும் பேசப் பிடிக்காமல், கோயிலுக்குள்ளேயே இருக்கும் புனித எலேனா சிற்றாலயத்துக்குக் கீழே இறங்கும் படிகளுக்குப் போனேன். படியோரச் சுவர் முழுக்கச் சிலுவைகள். விரல் நீளத்தில் நூற்றுக்கணக்கில் கல்லில் செதுக்கியவை. அந்தக் காலத்துத் திருப்பயணிகள் வந்த அடையாளமாகக் கீறிவிட்டுப் போனவை என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். சமீபத்தில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, ஆழமும் வெட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தனவாம். அப்படியானால் இரண்டு மூன்று கல்தச்சர்களே பயணிகளுக்காகச் செதுக்கியிருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது. 'என் பேருக்கு ஒண்ணு, ஊர்ல இருக்கிற என் மனைவி பேருக்கு ஒண்ணு, போன வருஷம் செத்துப்போன தம்பி பேருக்கு ஒண்ணு' என்று எத்தனை பேர் அந்தத் தச்சனிடம் கேட்டிருப்பார்கள்! படியிலேயே உட்கார்ந்து சித்தியின் தாளை எடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிலுவையின் மேல் விரலை வைத்துச் சொன்னேன். எதிரே எதுவும் எழுதாத அந்தப் பெயருக்குப் பெரிய சிலுவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கைக்குட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கல்லறைல என் பேரைச் சொன்னியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாம் மறந்துபோச்சு என்றேன்.

"விடு. முதல்ல அங்கே போன பொம்பளைங்க மட்டும் என்ன செஞ்சாங்க? பயந்துபோய் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாம ஓடிட்டாங்கன்னுதானே மாற்கு நற்செய்தில இருக்கு" என்றார் அம்மா.

அதன் பிறகு எந்தத் திருத்தலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் என் கண் அங்கேதான் போகிறது: யார், யாருக்காக எதைக் கொண்டு வந்தார்கள்? ஸ்பெயினில் சந்தியாகோவுக்கு நடப்பவர்கள், வழியில் இரும்புச் சிலுவை நட்ட ஒரு மேட்டில், புறப்பட்ட இடத்திலிருந்து சுமந்து வந்த கல்லைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். போர்ச்சுகலில் பாத்திமாவில் மெழுகில் செய்த கை, கால், இருதயம் எல்லாம் நெருப்பில் உருகுகின்றன. ரோமில், ஆண்டவர் ஏறியவை, எருசலேமிலிருந்து கொண்டுவந்தவை என்று நம்பப்படும் இருபத்தெட்டுப் படிகளை மக்கள் முழந்தாளிலேயே ஏறுகிறார்கள். அந்தப் படிகளின் மேல் மூடியிருந்த மரப்பலகைகளை மராமத்துக்காகக் கழற்றியபோது, அடியில் நாணயங்களும் வேண்டுதல் எழுதிய காகிதத் துண்டுகளும் கிடந்தனவாம்.

இரண்டு வருடம் கழித்து அம்மாவைப் பிரான்சில் இருக்கும் லூர்துக்கு அழைத்துப் போனேன். அங்கே நடக்க முடியாதவர்களுக்குத்தான் முதல் மரியாதை என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான். அம்மாவுடையது உட்படச் சக்கர நாற்காலிகளும், தொண்டர்கள் இழுத்துப்போகும் நீல வண்டிகளும் முன்னால் போக, நடக்க முடிந்த நாங்கள் பின்னால் போனோம்.

1858 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை பதினெட்டு முறை மாதா காட்சி கொடுத்த மசபியேல் கெபி, அதாவது குகை, அங்கேதான் இருக்கிறது. கண்டவள் பெர்னதெத், வயது பதினான்கு. பழைய சிறைச்சாலையின் ஒற்றை அறையில் குடியிருந்த ஏழைக் குடும்பம். ஊற்றில் குடித்து முகம் கழுவச் சொன்னதும் அவள் சேற்றைக் கையால் தோண்டினாள். முகமெல்லாம் சேறு. பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். அந்த ஊற்றிலிருந்துதான் இன்றைக்கும் குழாய்களில் தண்ணீர் வருகிறது. குணமானதாகப் பதிவான ஆயிரக்கணக்கானவற்றில் திருச்சபை அற்புதம் என்று ஏற்றது எழுபதுக்குச் சற்று மேல். பெர்னதெத்துக்குச் சுகம் கிடைக்கவில்லை. ஆஸ்துமா கடைசிவரை விடவில்லை, காசநோயும் சேர்ந்துகொண்டது, முப்பத்தைந்து வயதில் இறந்துபோனாள். இந்த உலகத்தில் உனக்கு இன்பம் தருவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை என்று மாதா அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார்.

"என் முழங்காலுக்கு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது" என்றார் அம்மா.

இரவு மெழுகுவர்த்திப் பவனியில், மாதா பாட்டில் 'ஆவே ஆவே' வரும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒன்றாக உயர்ந்தன. அம்மா கை வலிக்க வலிக்கத் தூக்கினார். மறுநாள் காலை கெபிக்குள் போனோம். பாறை ஈரமாக இருந்தது. கைகள் பட்டுப் பட்டு இடுப்புயரத்துக்குக் கண்ணாடி போல ஆகியிருந்தது. நாற்காலியைப் பாறைக்கு ஒட்டித் தள்ளினேன். இந்தத் தடவை யாரும் அவருக்காகத் தொட வேண்டியதில்லை. அம்மா உள்ளங்கையைப் பாறையில் பதித்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார்.

பிறகு மடியிலிருந்த பையைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டுக் கைக்குட்டைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஊக்கு குத்திய சீட்டு, சீட்டில் ஒரு பெயர். என்னிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. முதல் துணியை எடுத்துப் பாறையில் வைத்து அழுத்தித் துடைத்தார்.

"நிக்காம அடுத்ததை எடுத்துக் குடு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."