டாக்டர் சொல்லுவார் சார்

"ஏம்மா, எங்க அண்ணனுக்கு வந்துச்சே, அதானா இது?"

அவர் கேட்டது இவ்வளவுதான். பையன் பில் கட்ட கீழ போயிருந்தார், ரூம்ல நானும் அவரும் மட்டும். நான் சைக்காலஜிஸ்ட், டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கான்னு பார்க்கற டெஸ்ட்ல அவரோட மார்க்கைக் கூட்டிக்கிட்டு இருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தாம, "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், டாக்டர் சொல்லுவார்"னு சொல்லிட்டேன். "சரிம்மா"ன்னார். ரெண்டு வருஷம் ஆகப்போகுது, அந்த "சரிம்மா" இன்னும் போகல.

அவர் பேங்க்ல ஹெட் கேஷியரா இருந்து ரிட்டையர் ஆனவர். நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்கன்னு நாங்க எல்லாருக்கும் கேக்கறதுதான், அவருக்கும் கேட்டேன். 93, 86ன்னு டக்குன்னு சொன்னார். அப்புறம் நின்னுட்டார். "எதுலருந்து கழிக்கணும்?"னு என்னைக் கேட்டார். அந்த நேரம் அவரோட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேஜை மேல நோட்டு எண்ணற மாதிரி அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கை எண்ணிக்கிட்டு இருக்கு, எண்ணிக்கை மட்டும் வரல. கடிகாரம் வரையச் சொன்னா பன்னெண்டு நம்பரையும் ஒரே பக்கமா நெருக்கி எழுதினார். முப்பதுக்கு 22. படிச்ச, கணக்குலயே வாழ்ந்த ஒருத்தருக்கு அது குறைச்சல். மார்க்கை மட்டும் வச்சு யாரும் முடிவு பண்றதில்ல, ஸ்கேன் எல்லாம் பார்த்துதான் டாக்டர் சொல்லுவாங்க, ஆனா ஸ்கேனும் ஏற்கனவே ஃபைல்ல இருந்துச்சு.

உள்ள வர்றதுக்கு முன்னாடியே பையன் காரிடார்ல என்னைப் பிடிச்சு, "மேடம், அப்பா முன்னாடி அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க. பெரியப்பாவ கூட இருந்து பார்த்தவர். தாங்க மாட்டார்"னார். கெட்ட பையன் இல்ல, அழுகைய அடக்கிக்கிட்டுதான் சொன்னார். டாக்டரும் "ஃபேமிலி வேண்டாங்கறாங்க, விட்டுடுங்க"ன்னுட்டாங்க. அதுவும் போக நோய் இன்னதுன்னு சொல்றது என் வேலையே கிடையாது, டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் எழுதறதோட சைக்காலஜிஸ்ட் வேலை முடிஞ்சது. இதை எல்லாம் எனக்கு நானே நூறு தடவை சொல்லிப் பார்த்துட்டேன், ஒவ்வொண்ணும் சரியாத்தான் இருக்கு.

ஆனா "டாக்டர் சொல்லுவார்"னு மட்டும் நான் நிறுத்தியிருக்கலாம். "ஒண்ணுமில்ல"ன்னு ஏன் சொன்னேன்? இதைத்தான் முதல்ல பல மாசம் யோசிச்சேன். பிறகுதான் உறைச்சது, அந்த வாக்கியத்துல மோசமான பொய் "டாக்டர் சொல்லுவார்"ங்கறதுதான். டாக்டர் சொல்ல மாட்டாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சே அவரை ஒரு பூட்டின கதவு முன்னாடி உட்கார வச்சுட்டேன்.

இதை யோசிக்கும்போதெல்லாம் கசுவோ ஹசேகவா ஞாபகம்தான் வரும். எங்க துறையில படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச பேரு. ஜப்பான் மனநல மருத்துவர். 1974ல அவர் உருவாக்கி 1991ல திருத்தின டெஸ்ட்தான் இன்னிக்கும் அந்த ஊர்ல டிமென்ஷியாவுக்கு முதல்ல எடுக்கறது. வயசு என்ன, தேதி என்ன, இங்க இது எந்த இடம், செர்ரிப்பூ - பூனை - ரயில்னு மூணு வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க, நூறுல ஏழு கழிங்க. முப்பதுக்கு இருபதோ அதுக்குக் கீழயோ வந்தா சந்தேகப்படணும். எத்தனையோ லட்சம் பேரை அந்தக் கேள்விங்க முன்னாடி உட்கார வச்ச மனுஷன், 2017ல, 88 வயசுல, எனக்கே டிமென்ஷியா வந்திருக்குன்னு வெளிப்படையா சொன்னார்.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னும் சொன்னார். வெளிய கிளம்பினா கதவைப் பூட்டினோமான்னு சந்தேகம், திரும்பிப் போய்ப் பார்க்கறது, பார்த்துட்டு வந்தும் மறுபடி சந்தேகம். நிச்சயம்ங்கறதே ஆட ஆரம்பிச்சதுன்னு அவர் விளக்கினதைப் படிச்சப்போ எனக்கு மார்க் ஷீட்ல இத்தனை வருஷமா புரியாத ஒண்ணு புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. காலைல தெளிவா இருக்கும், சாயங்காலம் ஆக ஆக மங்கும்னும் சொல்லியிருக்கார். நாங்களும் அதனாலதான் டெஸ்டை காலைல வைக்கறோம். நம்ம கேஷியர் சார் கேட்டதும் காலைல பத்தரை மணிக்குத்தான். அதாவது அன்னிக்கு அவர் இருக்கறதுலயே தெளிவா இருந்த நேரத்துல, இருக்கறதுலயே தெளிவான கேள்வியக் கேட்டிருக்கார்.

ஜப்பான்ல முன்னாடி இந்த நோய்க்கு வச்சிருந்த சொல்லுக்கு மடமைங்கற மாதிரி அர்த்தம். 2004ல அரசாங்கமே அதை மாத்திச்சு, மாத்தணும்னு நின்னவங்கள்ல ஹசேகவாவும் ஒருத்தர். நம்மகிட்ட என்ன இருக்கு? "மறை கழண்டுடுச்சு", "புத்தி பிசகிடுச்சு". பையன் சொல்லாதீங்கன்னு கெஞ்சினது நோயையா இந்தச் சொல்லுங்களையான்னே எனக்கு சந்தேகம்.

சொன்னவங்க இவர் மட்டும் இல்ல. 1994 நவம்பர்ல முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகன் தன் கைப்பட அமெரிக்க மக்களுக்கு லெட்டர் எழுதி எனக்கு அல்சைமர்னு சொன்னார், டிமென்ஷியாவுல அதிகமா வர்ற வகை அது. பிரிட்டன்ல நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட், 59 வயசுல, 2007 டிசம்பர்ல சொன்னார், அதுக்கப்புறமும் ஏழு வருஷத்துக்கு மேல புத்தகங்களும் எழுதிக்கிட்டு, இந்த நோய் ஆராய்ச்சிக்கு இவ்வளவு கம்மியா பணம் ஒதுக்கறாங்களேன்னு சண்டையும் போட்டுக்கிட்டு இருந்தார். நம்ம நாட்டுல பெரிய ஆளுங்க பேருன்னு யோசிச்சா எனக்கு முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ்தான் வர்றார். அவருக்கு அல்சைமர்னு நாடு முழுக்கத் தெரியும், ஆனா எப்படித் தெரிஞ்சது? அவரை யார் கவனிச்சுக்கறதுன்னு குடும்பத்துல கோர்ட் வரைக்கும் போன சண்டையில. எவ்வளவு பெரிய பேச்சாளர். இந்த விஷயத்துல அவர் குரல்ல ஒரு வார்த்தை நமக்குக் கிடைக்கல. 60 வயசு தாண்டினவங்கள்ல நூத்துக்கு ஏழு பேருக்கு மேல, சுமாரா 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்குன்னு கணக்கு சொல்ற நாடு இது, எல்லாரையும் பத்தி மத்தவங்கதான் பேசிக்கிட்டு இருக்கோம்.

இப்படி எழுதும்போதே எனக்குள்ள எதிர்த்தும் ஒரு குரல் வருது. ஹசேகவா சொன்னா ஜப்பானே உட்கார்ந்து கேக்கும். என்ஹெச்கே டிவி அவர் கூடவே இருந்து ஆவணப்படம் எடுத்து 2020ல போட்டுச்சு, வீட்ல மனைவி இருந்தாங்க, மக இருந்தாங்க. கேஷியர் சாருக்கு மனைவி போய் ஆறு வருஷம், பையன் வீட்டுல பேரனோட ரூம்ல ஒரு கட்டில். அவர் போய் "எனக்கு இன்ன வியாதி"ன்னா அபார்ட்மென்ட்ல நாளைலருந்து யாரும் அவர்கிட்ட நேரடியா பேசக்கூட மாட்டாங்க, பையனைப் பார்த்துதான் "அப்பா சாப்ட்டாரா"ன்னு கேப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு டீச்சரம்மாவுக்கு டாக்டர் நேராவே சொன்னாங்க, கோயிலுக்குப் போறதையும் நிறுத்திட்டு ரூமை விட்டே வெளிய வரலன்னு மக வந்து அழுதாங்க. அதையும் பார்த்தவதான் நான். அப்ப பையன் சொன்னதுல என்ன தப்பு?

அந்த ஆவணப்படத்துல ஒரு இடம் உண்டு. முதியவங்களுக்கு டே கேர் வேணும்னு ஜப்பான்ல ஆரம்ப காலத்துலயே பேசினவர் ஹசேகவா, அவரே நோயாளியா டே கேருக்குப் போனார், போயிட்டு வீட்டுக்குப் போகணும்னுட்டார். பிடிக்கல. நீயே அந்த நோயாளி ஆனாத்தான் உன் ஆராய்ச்சி முழுமையாகும்னு ஒரு சீனியர் முன்னாடியே அவர்கிட்ட சொல்லியிருந்தாராம். நல்லதுன்னு நாம நினைச்சுச் செய்யறது உள்ள இருக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு, வாழ்நாள் பூரா அதையே படிச்சவருக்கே அந்தப் பக்கம் போனாத்தான் தெரிஞ்சிருக்கு. நான் அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன்னு எப்படி அவ்வளவு உறுதியா நம்பினேன்?

எட்டு மாசம் கழிச்சு கேஷியர் சார் ரிவ்யூவுக்கு வந்தார். 14. என்னைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே "நீ எந்த பிராஞ்ச்மா?"ன்னார். நான் அந்தக் கேள்விய திரும்பக் கேப்பாரோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். கேட்டா இந்தத் தடவை சொல்லிடலாம்னு மனசுக்குள்ள வாக்கியம்லாம் கோர்த்து வச்சிருந்தேன். கேக்கல. பையன் சொன்னார், நடுவுல ஊர்ல இருந்த வீட்டை வித்தாச்சு, "கையெழுத்து வாங்கறதுக்குள்ள பெரும்பாடு மேடம், எதுக்கு எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்"னு. முப்பது வருஷத்துக்கு மேல படிச்சுப் பார்க்காம ஒரு வவுச்சர்ல கையெழுத்து போடாத மனுஷன். அந்த 22 மார்க் இருந்த காலத்துல தெரிஞ்சிருந்தா வீட்டை என்ன பண்ணணும், தன்னை எங்க வச்சுப் பார்த்துக்கணும்னு அவரே சொல்லியிருப்பார். 2017 மனநலச் சட்டத்துல நாளைக்கு எனக்கு எப்படி சிகிச்சை வேணும்னு முன்கூட்டியே எழுதி வைக்க வழியே இருக்கு. சொல்லியிருப்பாரான்னு கேட்டா, தெரியாது. ஒருவேளை டீச்சரம்மா மாதிரி அவரும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். ஆனா அது அவரோட எட்டு மாசம்.

அதுக்கப்புறம் நான் ஒண்ணு பண்ண ஆரம்பிச்சேன். டெஸ்டுக்கு முன்னாடியே, "ரிசல்ட் வந்தா உங்ககிட்டயே சொல்லணுமா, இல்ல வீட்டுல சொன்னா போதுமா"ன்னு அவங்களையே கேட்டு எழுதி வச்சுக்கறது. டாக்டரும் சரின்னாங்க. பாதிப் பேர் "என்கிட்டயே சொல்லு"ங்கறாங்க, சில பேர் "பையன்கிட்ட சொல்லிடும்மா"ங்கறாங்க. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

போன வாரம் ஒரு அம்மா. கேட்டேன். அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடி நின்ன மக "என்கிட்ட சொல்லுங்க மேடம்"னு சொல்லிட்டாங்க. அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. நான் மகளைப் பார்த்தேன். பேப்பர்ல "குடும்பத்தாரிடம்"னு டிக் பண்ணிட்டு, "இன்னிக்கு என்ன தேதிம்மா?"ன்னு ஆரம்பிச்சுட்டேன்.