பைரெக்ஸ் டீபாட்: மூக்கு தெளிந்தது, செதுக்கலைச் சுற்றிய மங்கல் போகவில்லை

1920களில் அமெரிக்காவின் கார்னிங் ஆலையில், சூடு தாங்கும் பைரெக்ஸ் கண்ணாடியில் செய்த டீபாட் இது. தோளைச் சுற்றிப் பூவும் இலையும் செதுக்கியிருக்கிறது. மூக்கின் உள்ளே இருந்த தேயிலைக் கறை ஒரே இரவில் போய்விட்டது: ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் (நீரில் ஆக்சிஜன் விடும் வெளுப்புத் தூள்), மூடி போடாமல். வாயு வெளியேற வழி வேண்டும்.

வம்பு செய்வது செதுக்கல்தான். செப்புச் சக்கரத்தில் எண்ணெயும் எமரி என்ற உரசு தூளும் வைத்துச் செதுக்கிய இடம் இயல்பாகவே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துவிடக் கூடாது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அசல் சாம்பல் கோட்டுக்குள்ளேயே நிற்கும், விளிம்பு கூராகத் தெரியும். கோட்டைத் தாண்டி வழுவழுப்பான பரப்பிலும் வெண்மை பரவியிருந்தால் அது வேறு விஷயம்: சுண்ணாம்புப் படிவாகவோ அரிப்பாகவோ இருக்கலாம்.

படிவையும் அரிப்பையும் பிரித்தறிய நனைத்துப் பார்ப்பது போதாது. ஈரத்தில் இரண்டுமே மறைந்துவிடும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, பஞ்சில் நனைத்து, மங்கலின் மேல் ஒரு மணி நேரம் ஒட்டிவைத்து, கழுவி, முழுக்கக் காயவிட்டுப் பாருங்கள். படிவென்றால் அந்த இடம் மட்டும் தெளிந்து நிற்கும். இந்த டீபாட்டில் ஒரு மாற்றமும் இல்லை, அதாவது இது அரிப்பு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரத்தூள் கண்ணாடியையே தின்றிருக்கிறது. போரோசிலிகேட் (பைரெக்ஸின் கண்ணாடி வகை) சூட்டைத் தாங்கும், சூடான காரத்தை அவ்வளவு தாங்காது. செரியம் ஆக்சைடு என்ற மெருகுத் தூள் போட்டு மெருகேற்றலாம்தான், ஆனால் இலை நரம்புகளின் கூர்மை போய்விடும். செதுக்கலே போன பிறகு தெளிந்த கண்ணாடியை வைத்து என்ன செய்வது? இதை இப்படியே விடுவதுதான் சரி.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: சில விற்பனையாளர்கள் எண்ணெய் தடவிப் படம் எடுக்கிறார்கள், மங்கல் தெரியவே தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து எடுத்த படம் கேளுங்கள். கைப்பிடி ஒட்டிய இரண்டு இடத்தையும் பின்னொளியில் காட்டச் சொல்லுங்கள், மயிரிழை விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அடியில் 5-27-19 (மே 27, 1919) என்று இருந்தால் 1919இல் செய்தது என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். அது காப்புரிமை கிடைத்த தேதி, செய்த தேதி அல்ல.

அடுத்து மேசைக்கு வருவது பென்சில்வேனியாவின் ராசெஸ்டரில் செய்த ஃப்ரை நிறுவனத்தின் முத்துநிறக் கேசரோல். மூடிச் செதுக்கலில் கருகிய நெய் ஏறியிருக்கிறது. அதற்குச் சலவைச் சோடா, வெதுவெதுப்பான நீரில், அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை.