லித்வைன் ஊர்க்காரர்களும் அவர்கள் வாங்கிய பப்பும்

வேல்ஸ் என்றால் கோட்டை, ஆட்டுமந்தை, மழை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் லீன் தீபகற்பத்தின் வடகரையைப் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. ட்ரெவோர், லனைல்ஹையர்ன், லித்வைன், நெவின் என்று சில மைல்களுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள். பின்னால் 560 மீட்டருக்குச் சற்று மேல் உயரும் அர் ஏய்வில் மலை, முன்னால் ஐரிஷ் கடல். மலையின் ஒரு சிகரத்தில் ட்ரேர் கெய்ரி என்ற இரும்புக்காலக் கோட்டை இருக்கிறது. சுமார் 150 கல்வீடுகளின் அடிச்சுவர்களை இன்றும் அங்கே பார்க்கலாம். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதிலும் வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம்தான். இந்த ஊர்கள் அடங்கிய க்வினெத் கவுண்டியில் 64.4 சதவீதம்.

"தாய்மொழிப் பற்று" என்று ஒரே வார்த்தையில் இதற்குக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். பற்று எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. இந்தக் கரையில் கூடுதலாக இருந்தது, வெல்ஷ் பேசியே பிழைக்கக்கூடிய இடங்கள். அவை மூடியபோது ஊர்க்காரர்கள் காசு போட்டு வேறு இடங்களைத் திறந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

முதல் இடம் கல் குவாரி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லிவர்பூல், மான்செஸ்டர் போன்ற நகரங்கள் தெருக்களில் கல் பாவ ஆரம்பித்தன. இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் தேய்க்காத கல் வேண்டும்; லாடம் அடித்த குதிரைக்கால் வழுக்காமலிருக்க கல்லுக்குக் கல் இடுக்கும் வேண்டும். இந்த மலையின் கிரானைட் அதற்குத் தோதாக அமைந்தது. கடலும் காலடியில் இருந்ததால், மலையில் உடைத்ததைச் சரிவுத் தண்டவாளத்தில் இறக்கி நேராகக் கப்பலில் ஏற்றிவிடலாம்.

பாவுகல் செய்வது கைவேலை. கிரானைட்டுக்கு வாட்டம் உண்டு: ஒரு திசையில் எளிதாகப் பிளக்கும், அதற்குக் குறுக்கே இன்னொரு திசையில் சுமாராகப் பிளக்கும், மூன்றாவது திசையில் முரண்டு பிடிக்கும். வெடிவைத்து விழுந்த பாறையைப் பார்த்ததும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அந்த முதல் திசையை. அந்தக் கோட்டில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடுகளைச் செருகி, நடுவில் ஆப்பை வைப்பார்கள். பிறகு வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு தட்டு, மறுபடி முதலிலிருந்து. ஒரே ஆப்பைப் போட்டு அடித்தால் விரிசல் கோட்டை விட்டு ஓடி, கல் வீணாகும். ஆப்பு இறங்க இறங்க தட்டும் ஓசை மாறும். அனுபவசாலி அந்த ஓசையை வைத்தே எங்கே நிறுத்தவேண்டும் என்று முடிவு செய்வான். பிளந்த துண்டை மறுபடி பிளந்து, கடைசியில் சுத்தியால் விளிம்பு தட்டிச் சதுரமாக்குவார்கள். மேல்முகம் சமமாக இருந்தாக வேண்டும். அடிமுகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மணலில் உட்கார்ந்துவிடும். இந்த வேலையில் பறந்த தூள் நுரையீரலில் படிந்து பலரைக் கொன்றது. மரபு, பாரம்பரியம் என்று கொண்டாடும்போது இதை விட்டுவிடுகிறார்கள்.

தார்ச்சாலை வந்ததும் பாவுகல்லுக்குத் தேவை போயிற்று. குவாரிகள் ஜல்லிக்கு மாறின, பிறகு ஒவ்வொன்றாக மூடின. ட்ரெவோர் கிரானைட்டுக்கு மட்டும் இன்றும் ஒரு நுணுக்கமான சந்தை உண்டு: பனித்தரையில் ஆடும் கர்லிங் விளையாட்டுக்கான கற்களை ஸ்காட்லாந்தின் எய்ல்சா க்ரெய்க் தீவுக் கல்லிலும் இந்த ஊர்க் கல்லிலும்தான் முக்கியமாகச் செய்கிறார்கள்.

லித்வைனிலிருந்து செங்குத்தாகக் கடலுக்கு இறங்கும் பள்ளத்தாக்கில் நாண்ட் குர்தெய்ர்ன் இருக்கிறது. 1870களில் குவாரித் தொழிலாளர்களுக்காக அங்கே இரண்டு வரிசை வீடுகளும் ஒரு சேப்பலும் (எளிய கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடம்) எழுந்தன. நல்ல சாலை கிடையாது, சாமான்கள் பெரும்பாலும் கப்பலில்தான் வந்தன. குவாரி ஓய்ந்தபின் மக்கள் ஒவ்வொருவராக மேலேறிப் போய், 1959இல் கடைசிக் குடும்பமும் கிளம்பியது. கூரைகள் விழுந்தன.

இங்கேதான் லனைல்ஹையர்ன் ஊர் டாக்டர் கார்ல் க்ளோவ்ஸ் வருகிறார். ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடும் பேச்சு எழுந்தபோது மக்களைத் திரட்டியவர். 1974இல் ஊரே பங்குதாரராக இருக்கும் கூட்டுறவு ஒன்று தொடங்கியது. மேற்கு அயர்லாந்தில் ஐரிஷ் பேசும் பகுதிகளின் கூட்டுறவுகளைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. பின்னலாடை, மண்பாண்டம் என்று சின்ன வேலைகளில் ஆரம்பித்தார்கள். அடுத்து, பாழடைந்த நாண்ட் கிராமம் முழுவதையும் குவாரி நிறுவனத்திடமிருந்து 25,000 பவுண்டுக்கு ஒரு அறக்கட்டளை 1978இல் வாங்கியது. நினைவுச்சின்னம் ஆக்குவது அவர்கள் எண்ணமில்லை. வெளியூர்க்காரர்கள் தங்கி வெல்ஷ் படிக்கும் மையமாக்குவதுதான் திட்டம். 1982இல் முதல் வகுப்பு நடந்தது. மொழி கற்பிப்பது, சமைப்பது, வீடுகளைப் பராமரிப்பது எல்லாமே உள்ளூர் வேலைவாய்ப்பு. குவாரி போன இடத்தில் இன்னொரு முதலாளி வந்த மாதிரி, ஆனால் இந்த முதலாளிக்கு வெல்ஷ்தான் சரக்கு.

இனி பப். லித்வைனில் விக்டோரியா பெயரில் இருந்த பழைய குடிப்பிடத்தை 1988இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கினார்கள். தவர்ன் அ விக் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. அதே வழியில் கேர்னார்வனுக்குத் தெற்கே லாந்துரோக் ஊரில் டின் லான் பப்பை 2021இல் மக்கள் பங்கு போட்டு எடுத்தார்கள். சேர்ந்த தொகை 4 லட்சம் பவுண்டுக்கு மேல்.

இப்போதெல்லாம் இதற்கு வழக்கமான வழி, சமூக நலச் சங்கமாகப் பதிவு செய்வது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிதிக் கண்காணிப்பு ஆணையத்திடம் பதிவு. நூறு பவுண்டு போட்டவருக்கும் பத்தாயிரம் போட்டவருக்கும் ஒரே ஓட்டு. பங்கை இன்னொருவருக்கு விற்க முடியாது, சங்கத்திடமே திருப்பித் தரலாம். அதுவும் சங்கத்தின் கையில் பணம் இருந்து நிர்வாகக் குழு சம்மதித்தால். ஒருவர் அதிகபட்சம் 1 லட்சம் பவுண்டு வரை போடலாம். கட்டடத்தை நாளைக்கு விற்று லாபத்தைப் பங்கு பிரித்துக்கொள்ள முடியாதபடி சொத்துப் பூட்டும் போடலாம். அந்தக் கடைசி விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்து வருடம் கழித்து யாரோ நல்ல விலை சொன்னால் சங்கமே சபலப்படும், சட்டம் சபலப்படாது.

வாங்குவது சுலபம், நடத்துவதுதான் பாடு. பெரும்பாலான குழுக்கள் சறுக்கும் இடம் முதல் குளிர்காலம். கட்டட விலைக்குப் பணம் திரட்டுகிறார்கள்; கூரைக்கும், உப்புக்காற்று தின்ற ஜன்னல்களுக்கும், ஆள் வராத ஜனவரி, பிப்ரவரி மாதச் சம்பளத்துக்கும் ஒதுக்க மறந்துவிடுகிறார்கள். மது விற்க இடத்துக்கான உரிமம் மட்டும் போதாது. தனிப்பட்ட உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பாளராகப் பதிவில் இருக்கவேண்டும். அவர் வேலையை விட்டுப் போனால் பதில் ஆள் பதிவாகும்வரை விற்பனை நிற்கும். ஆகவே குழுவில் இரண்டு மூன்று பேராவது அந்த உரிமம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

பிறகு பீர். பீப்பாயிலேயே நொதித்து முதிரும் பாரம்பரிய ஏல் வகையை நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைக்கவேண்டும். குழாய் செருகிவிட்டால் காற்று உள்ளே போகும். மூன்று நாளில் தீரவில்லையென்றால் தட்டையாகும், பிறகு புளிக்கும். வழக்கமான பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் ஒரு பெரிய கிளாஸ்). கோடையில் ஒரே நாளில் காலி. நவம்பர் செவ்வாய்க்கிழமை பத்துப் பேர் வரும் ஊரில் அது மூன்று நாளுக்குள் தீராது. அதற்காகவே நாலரை காலன் பீப்பாய் இருக்கிறது. பைன்டுக்கு அடக்கவிலை கொஞ்சம் கூடும், ஆனால் பாதியைச் சாக்கடையில் ஊற்றுவதைவிட மலிவு. குழாய்களை வாரம் ஒருமுறை ரசாயனம் விட்டுக் கழுவி, பிறகு தண்ணீரில் நன்றாக அலசவேண்டும். தன்னார்வலர்கள் நடத்தும் இடத்தில் யார் முறை என்று சுவரில் எழுதிவைக்காவிட்டால் முதலில் விட்டுப்போகும் வேலை இதுதான்.

பப்புக்கு இவ்வளவு பாடு எதற்கு? சேப்பல்கள் வரிசையாக மூடிவருகின்றன. ஒரு காலத்தில் ஞாயிறு பள்ளியில் எழுத்தும், ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் ஸோல்-ஃபா முறையை வைத்து நான்கு குரல் இசையும் கற்றுக்கொடுத்தவை அவை. அந்தக் கூட்டம் இப்போது கூடும் இடம் பப்பின் பாட்டு இரவும் வினாடி வினாவும். எல்லாம் வெல்ஷில்.

இன்னொரு தூண், பாபிர் ப்ரோ எனப்படும் வட்டாரப் பத்திரிகை. முதலாவது 1973இல் கார்டிஃபில் வந்தது. இப்போது வேல்ஸ் முழுக்க ஐம்பதுக்கு மேல். இந்தத் தீபகற்பத்துக்கு 'லானு லீன்'. பிறப்பு, கல்யாணம், சாவு, பள்ளிக்கூடப் பரிசு, குறுக்கெழுத்து. ஊருக்கு ஒருவர் செய்தி சேர்த்து அனுப்புவார். சம்பளம் யாருக்கும் கிடையாது. அச்சகத்திலிருந்து வந்த தாள்களை ஒரு மாலை கூடி மடித்து அடுக்குவது பல ஊர்களில் வழக்கம். நாளிதழில் வெல்ஷ் படிக்கத் தயங்குகிறவர்கள்கூட, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருப்பதால் இதைப் படித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் அரித்துத் தின்பது வீட்டு விலை. கடல் தெரியும் வீட்டை விடுமுறைக்காக வாங்குகிறவர்களோடு உள்ளூர் இளைஞர் போட்டி போட முடியாது. க்வினெத் கவுன்சில் இரண்டாம் வீட்டுக்கான கூடுதல் வரியை 2021இல் 100 சதவீதமாக்கி, 2023 ஏப்ரலில் 150 ஆக்கியது. அதாவது வழக்கமான வரியின் இரண்டரை மடங்கு. இதில் ஒரு ஓட்டை இருந்தது. வீட்டை வாடகை விடுதி என்று காட்டினால் வணிக வரிக்கு மாறி, சிறுதொழில் சலுகையில் ஒரு பைசா கட்டாமலேகூடத் தப்பலாம். முன்பு வருடத்தில் 70 நாள் வாடகைக்கு விட்டு, 140 நாள் தயாராக வைத்திருந்தாலே போதும். 2023 ஏப்ரல் முதல் 182 நாள் உண்மையிலேயே விட்டிருக்கவேண்டும், 252 நாள் தயாராக வைத்திருக்கவேண்டும். இதன் பக்கவிளைவும் உண்டு: பண்ணை ஓரத்துக் குடிலை விடுதியாக்கிப் பிழைக்கும் உள்ளூர்க் குடும்பமும், மழைக்காலத்தில் 182 எட்டாமல் அதே வலையில் மாட்டும். 2022 அக்டோபரில் கட்டடத் திட்ட அனுமதி விதிகளிலும் நிரந்தர வீடு, இரண்டாம் வீடு, குறுகியகால விடுதி என்று மூன்று தனி வகுப்புகள் வந்தன.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. லித்வைன், லீன் என்று நான் 'ல' போட்டு எழுதியிருக்கும் முதல் எழுத்து உண்மையில் நம் ல இல்லை. நாக்கை ல இடத்தில் வைத்துக்கொண்டு குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஓரங்களில் ஊதவேண்டும். நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: நண்பருக்கும் குழந்தைக்கும் 'டி', பெரியவருக்கும் புதியவருக்கும் 'ஹீ', ஆனால் அந்த 'ஹீ' தொண்டையில் உரசி வரவேண்டும். அகராதி பார்க்கும்போது கவனம்: ஊர்ப்பெயர் புல்ஹெலி, ஆனால் 'புல்ஹெலிக்கு' என்று வரும்போது முதல் எழுத்து குழைந்து, எழுத்திலேயே P மாறி B ஆகிவிடும், அந்த B-யில் தேடினால் பெயர் கிடைக்காது. நீங்கள் தடுமாறினால் அவர்கள் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் மெதுவாகப் பேசித் தருவார்கள். ஆரஞ்சு நிறத்தில் பேச்சுக்குமிழி வடிவ பேட்ஜ் குத்தியிருக்கும் கடைக்காரர் வெல்ஷ் பேசுவார் என்று அர்த்தம்.

குளிர்காலத்தில் பப் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நாண்ட் குர்தெய்ர்னுக்கு இறங்கும் சாலை இப்போது நன்றாக இருந்தாலும் செங்குத்துதான். தாழ்ந்த கியரில் இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். நடந்து போகிறவர்கள் ஏறிவர இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.