வெட்டா, ஒட்டா?

இரவு பத்தரைக்கு நண்பன் போன் செய்தான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம்.

“டேய், பத்திரிகை ப்ரூஃப் வந்திருக்கு. புருஷன் பொண்டாட்டியை வெட்டுவான்னு போட்டிருக்காங்கடா!”

ஆபீஸ்காரர்களுக்கென்று தனியாக அடிக்கும் இங்கிலீஷ் பத்திரிகை அது. மேலே ஆதியாகமம் 2:24, 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் நடையில். ஆண் தன் தாய் தகப்பனை ‘லீவ்’ செய்து, மனைவியோடு ‘க்ளீவ்’ செய்வான் என்கிறது வசனம். நண்பனுக்குத் தெரிந்த ஒரே க்ளீவர், கறிக்கடை பாய் எலும்பு உடைக்கும் கத்தி. போதாக்குறைக்கு போனில் இருந்த அகராதியும் ‘பிள, வெட்டு’ என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்திருந்தது.

எனக்கும் முதலில் அச்சுப்பிழை என்றுதான் தோன்றியது. ஆனால் நம் கூட்டத்தில் ‘இங்கிலீஷ் தெரிந்தவன்’ என்று பெயர் வாங்கியாயிற்றே, உடனே ஒத்துக்கொள்ள முடியுமா? “அஞ்சு நிமிஷம் கொடு” என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்த தடி அகராதியை இறக்கினேன்.

விஷயம் இதுதான். பழைய இங்கிலீஷில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ‘க்ளியோவன்’ என்றால் பிளப்பது. ‘க்ளிவியன்’ என்றால் ஒட்டிக்கொள்வது. காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து ஒரே ‘க்ளீவ்’ ஆகிவிட்டன. வெட்டுக்கும் ஒட்டுக்கும் ஒரே சொல்! நமக்காவது ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறது. இங்கிலீஷில், ‘க்ளீவ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘அன்டூ’ (unto) வந்தால் ஒட்டு, நேராக ஆளையோ விறகையோ பிடித்தால் வெட்டு. வசனத்தில் ‘அன்டூ’ இருந்தது. பெண் பிழைத்தாள்.

வெட்டுகிற க்ளீவின் சொந்தபந்தம் நம் அடுப்படியிலும் உண்டு. பூண்டுப் பல்லை இங்கிலீஷில் ‘க்ளோவ்’ என்பது அந்த வழியில் வந்ததுதான், பிரிந்து பிரிந்து இருப்பதால். அதே பெயருள்ள கிராம்புக்கு மட்டும் வேறு குலம். அது ஆணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கிராம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆணி மாதிரியேதான் இருக்கிறது. இதையும் நண்பனுக்கு விளக்கினேன். அந்த நேரத்தில் அவனுக்குத் தேவைப்படாத தகவல்தான்.

சரி, பிரச்சினை தீர்ந்தது என்று படுத்தேன். மறுநாள் காலை அச்சகத்திலிருந்து இரண்டாவது ப்ரூஃப் வந்தது. நேற்றிரவே நண்பன் அவர்களிடமும் புலம்பியிருக்கிறான் போல. அங்கே யாரோ ஒரு புண்ணியவான் முன்னெழுத்தை மட்டும் எடுத்துவிட்டு இரண்டாவது இடத்திலும் ‘லீவ்’ என்றே போட்டிருந்தார். தாய் தகப்பனை விட்டு, பெண்டாட்டியையும் விட்டுவிடுவானாம். கேட்டதற்கு, “வெட்டுறதுக்கு இது பரவாயில்லையே சார்” என்றாராம்.

நேராக நண்பன் வீட்டுக்கே போய்விட்டேன். “பேசாமல் தமிழையே போடுங்கள். நம் பைபிளில் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்” என்று வாசித்தும் காட்டினேன்: “புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு, தன் மனைவியோடே இசைந்திருப்பான்.” இசைந்திருப்பான்! எந்த அகராதியும் குழப்ப முடியாத சொல்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த நண்பனின் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“நானும் எத்தனையோ கல்யாணத்துல இதைக் கேட்டிருக்கேன், அப்பல்லாம் ஒண்ணும் தோணல. ராத்திரியிலிருந்து வெட்டா ஒட்டான்னு அடிச்சுக்கிறீங்களே, ‘தாயையும் விட்டு’ன்னு இருக்கே, அதை ஒருத்தனும் தப்புன்னு சொல்லலையே தம்பி?”