காசிமேட்டு வீட்டுக்கு இரண்டு வரைபடங்கள்

"பெற்றோருக்கு அக்கறை இல்லை." பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகளைப் பற்றிச் சமூகப்பணியாளர்கள் எழுதும் கோப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. கோட்பாடெல்லாம் கல்லூரியோடு சரி என்பவர்தான் இப்படி எழுதுவார். ஆனால் கோளாறு முழுக்க ஆளிடம்தான் இருக்கிறது என்பதும் ஒரு கோட்பாடுதான், அதிலும் பழையது. குடும்பம், பள்ளி, வேலை கொடுப்பவர், அக்கம்பக்கம் என எல்லா இடத்திலும் விசாரித்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்று சமூகப்பணியின் முன்னோடி மேரி ரிச்மண்ட் 1917-லேயே விரிவாக எழுதிவிட்டார்.

குடும்பம், பள்ளி, சமூகம் என்று ஒரு பிள்ளையைச் சுற்றியுள்ள சூழல்களை அடுக்கடுக்காகப் பார்க்கும் உளவியலாளர் பிரான்ஃபென்பிரன்னரின் சூழலியல் அடுக்குகளைத் தேர்வில் எழுதாத சமூகப்பணி மாணவர் இருக்க முடியாது. களத்தில் முதலில் கைவிடப்படுவது அவர் பின்னால் சேர்த்த காலம் என்ற அடுக்கு. சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் அதுதான் முதலில் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகில் போகிறவர், ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலம் எடுத்து விற்கும் அம்மா என எல்லார் கையும் ஒரே நேரத்தில் காய்கிறது. பள்ளி திறப்பதும் ஜூனில்தான். மே மாதம் கூலிக்குப் போன பையன் வகுப்புக்குத் திரும்பாததை அக்கறையின்மை என்று எழுதினால் காலண்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அதனால் ஒரு குடும்பத்துக்கு வெளியுலகத்தோடு உள்ள உறவுகளைக் காட்ட ஆன் ஹார்ட்மன் 1970-களில் உருவாக்கிய சூழல் வரைபடத்தை இங்கே ஒரே குடும்பத்துக்கு இரண்டு முறை போட வேண்டும்: தடைக்காலத்துக்கு ஒன்று, தொழில் நடக்கும் மாதங்களுக்கு ஒன்று. தாளின் நடுவே ஒரு வட்டத்தில் குடும்பம். சுற்றிலும் பள்ளி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, சொந்தக்காரர், சீட்டு, தினக்கடன் வசூலிக்கும் தண்டல்காரர். உறுதியான உறவுக்குத் தடித்த கோடு, பலவீனமானதற்குப் புள்ளிக்கோடு, உரசல் இருந்தால் குறுக்குவெட்டுக் கோடு. உதவியும் உழைப்பும் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அம்புக்குறி. பேனா குடும்பத்தார் கையில் இருப்பது நல்லது.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். அலுவலகத்தில் உட்கார்ந்து படிவத்தைப் பார்த்து வரைந்தால் அரசு நிறுவனங்கள் மட்டும் வட்டமாகும், தண்டல்காரர் விழமாட்டார். தினமும் வாசலுக்கு வருபவர் அவர்தான். இன்னொன்று நேரம். மீன் விற்கும் பெண்ணின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. காலை பத்து மணிக்குப் போனால் பாட்டிதான் இருப்பார், அவர் சொல்வதே குடும்பத்தின் கதையாகிவிடும். கணவர் பக்கத்தில் நிற்கும்போது உரசல் கோடு எதுவும் விழாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

வரைபடம் முடிந்ததும் ரீட், எப்ஸ்டீன் 1972-இல் முன்வைத்த பணிமைய முறை நன்றாகப் பொருந்தும். குடும்பமே தேர்ந்தெடுத்த பிரச்சினைகள், மூன்றுக்கு மிகாமல். இரண்டு மூன்று மாதத்துக்குள் முடிகிற சந்திப்புகள். ஒவ்வொரு முறையும் யார் எதைச் செய்வது என்ற தெளிவு. சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போவது அம்மாவின் வேலை, தலைமை ஆசிரியரிடம் பேசுவது நம்முடையது. அவசரத்தில் இரண்டையும் நாமே செய்துவிட்டால் அடுத்த சான்றிதழுக்கும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

குறைகளை விட்டுக் குடும்பத்தின் பலங்களிலிருந்து தொடங்கும் வலிமை நோக்கு நல்லதுதான், ஆனால் எல்லா நாளுக்கும் அல்ல. குடிசை தீப்பிடித்த வாரத்தில் "உங்கள் பலம் என்ன?" என்று கேட்பது கொடுமை. அப்போது நெருக்கடித் தலையீடு: தங்க இடம், சாப்பாடு, எரிந்துபோன ரேஷன் கார்டு. நான்கு முதல் ஆறு வாரம் வரை அதுவே போதும்.

பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளை வந்துவிட்டால், குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையை 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அந்த அவகாசத்தில் இரண்டு பருவத்தையும் நேரில் பார்க்க முடியாது. மற்ற பருவத்தை அம்மாவிடம் கேட்டே வரையலாம், "போன ஆவணியில் அடுப்பு எப்படி எரிந்தது?" என்று கேட்டால் கடன், சீட்டு, நகை அடகு எல்லாம் வரிசையாக வரும். அறிக்கையில் வருமானம் என்ற கட்டத்தில் ஒரே எண்ணை எழுதாமல் இரண்டு எண்களை, மாதத்தோடு சேர்த்து எழுத வேண்டும்.