கட்டியின் பெயரை மரபணுவில் தேடுவது

நோயியல் ஆய்வகத்தில் பணிபுரிபவள் என்ற முறையில், சிங்கப்பூரில் பிள்ளை வளர்க்கும் நம் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். குழந்தைகளின் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் அரிதாக வரும் கட்டிகள் பல, சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் ஒரே மாதிரி நீண்ட கதிர்வடிவ உயிரணுக்களாகவே தெரிவதால், நுண்ணோக்கியை மட்டும் கொண்டு அவற்றைப் பிரித்தறிவது தேர்ந்த மருத்துவருக்கும் கடினம். கைக்குழந்தைகளுக்கு வரும் ஃபைப்ரோசார்கோமா என்ற மென்திசுப் புற்றுநோயில் பெரும்பாலும் ஈடிவி6, என்டிஆர்கே3 என்ற இரு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று இணைந்திருக்கும். 1998இல் கண்டறியப்பட்ட இந்த இணைவு, நோயை உறுதிசெய்வதோடு, 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லாரோட்ரெக்டினிப் மருந்துக்கும் வழிகாட்டுகிறது. அம்மருந்தால் கட்டி சுருங்கி, கைகால்களை இழக்காமல் அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் உண்டு. இந்த இணைவு கட்டிக்குள் ஏற்படுவதே தவிர, பெற்றோர் வழியாக வருவதன்று; ஆகவே "யார் குடும்பத்திலிருந்து வந்தது?" என்று தாயைக் கேட்காதீர்கள். சோதனைக்காகக் கட்டியிலிருந்து திசு எடுக்கும் முன்பே, எடுக்கப்போகும் திசு மரபணுச் சோதனைக்கும் போதுமா என மருத்துவரிடம் கேளுங்கள்.