பில்லில் வராத நாட்கள்

தினமும் காலை எட்டு மணிக்கு ஐசியூவில் என் வேலை எண்ணுவதில்தான் ஆரம்பிக்கும். எத்தனை பேருக்கு சென்ட்ரல் லைன் (பெரிய இரத்தக் குழாய்க்குள் மருந்து ஏற்றப் போடும் டியூப்), எத்தனை பேருக்கு யூரின் டியூப், எத்தனை பேர் வென்டிலேட்டரில். எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் ஏற்றி, மாதக் கடைசியில் கூட்டி, ஆயிரம் லைன் நாட்களுக்கு எத்தனை இரத்தத் தொற்று என்று பார்ப்பேன். ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இத்தனை வருடங்கள் இருந்தும், அதை ரூபாயில் எழுதிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

கட்டிலுக்கு ஒரு ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) பாட்டில் வேண்டும் என்று கேட்டபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. "தொற்று வந்தா நமக்கு எவ்வளவு நஷ்டம்னு ஒரு தொகை சொல்லுங்க சிஸ்டர், அப்புறம் பேசலாம்" என்றார் நிர்வாக அதிகாரி. நியாயமான கேள்வி. சரி என்று பில்லிங் பிரிவில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் எடுத்தது பவானிப் பக்கத்துத் தறித் தொழிலாளி ஒருவரின் பில். குடலில் ஓட்டை விழுந்து அவசரமாக ஆபரேஷன் ஆனது, நல்லபடியாகவே முடிந்தது. ஆறாம் நாள் உடம்பு தூக்கிப் போடும் குளிரோடு காய்ச்சல். லைனிலிருந்து எடுத்த இரத்தத்திலும் கையில் குத்தி எடுத்த இரத்தத்திலும் ஒரே கிருமி, கிளெப்சியெல்லா. சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றை மருத்துவமனையில் வந்ததாகத்தான் எழுதுவோம். இது ஆறாம் நாள் வந்தது, நாங்கள் போட்ட லைன் வழியாக வந்தது. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் கேட்கவில்லை, கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினுக்குப் போனோம். அவர் மனைவி என்னைப் பிடித்துக் கேட்டார்: "வயித்து வலிக்குத்தானுங்க சிஸ்டர் வந்தோம், இந்தக் காய்ச்சல் எங்கிருந்துங்க வந்துச்சு?"

அந்தப் பில்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐசியூ வாடகை, ஊசி மருந்து, கிருமியைக் கண்டுபிடிக்கும் கல்ச்சர் டெஸ்ட், மறுபடி ஒரு லைன் என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பணம் கட்டியிருந்தார்கள். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டமே இல்லை, வரவு. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே மனிதர் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வந்திருந்தால் இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று தொகை முன்பே முடிவாகியிருக்கும், கூடுதல் நாட்கள் எங்கள் கையைக் கடித்திருக்கும். தொற்று ஒன்றுதான். அது யாருக்கு நஷ்டம் என்பது பணம் வரும் வழியைப் பொறுத்து மாறிவிடுகிறது. அமெரிக்காவில் 2008 அக்டோபர் முதல், லைன் வழியாக வரும் தொற்று போன்ற சிலவற்றுக்குக் கூடுதல் பணம் தருவதில்லை என்று அங்கே முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் நிறுத்திக்கொண்டது. அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

நான் முதலில் போட்ட கணக்கு சுலபமானது. தொற்று வந்தவர்கள் சராசரியாக எத்தனை நாள் இருந்தார்கள், வராதவர்கள் எத்தனை நாள், இரண்டையும் கழித்து ஒரு நாள் செலவால் பெருக்கினேன். தொகை பெரிதாக வந்தது, எனக்கும் சந்தோஷம். சமூக மருத்துவத் துறை மேடம் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தொற்று வர்றதுக்கு முன்னாடி இருந்த நாளையும் இதுல சேர்த்துட்டீங்களேம்மா" என்றார். உண்மைதான். தொற்று வந்ததால் அதிக நாள் இருக்கிறார்கள், அதிக நாள் இருப்பதாலும் தொற்று வருகிறது. ஆறாம் நாள் காய்ச்சல் வந்தவரை, இரண்டாம் நாளே வீட்டுக்குப் போனவரோடு ஒப்பிடக் கூடாது. ஆறாம் நாள் வரை தொற்றில்லாமல் அதே ஐசியூவில் கிடந்த, அதே அளவு நோயுள்ள ஒருவரோடுதான் ஒப்பிட வேண்டும். திருத்திப் போட்டபோது தொகை இறங்கியது. இறங்கிய தொகையைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்னொன்றும் அப்போது பிடிபட்டது. தொற்றைத் தடுத்தால் என் சம்பளம் குறையாது, கட்டட வாடகை குறையாது. மருந்துச் செலவு கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். மிச்சமாவதில் பெரிய பங்கு கட்டில்தான். அந்தத் தறிக்காரர் கூடுதலாகக் கிடந்த நாட்களில், இடமில்லை என்று எமர்ஜென்சியிலிருந்து வேறு ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என் ரிஜிஸ்டரில் கோடே கிடையாது.

தடுப்பதற்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் செய்தது ஐந்தே விஷயம்: கை கழுவுவது, லைன் போடும்போது முழு உடைகள் அணிந்து நோயாளியையும் முழுதாக மூடுவது, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது, தொடை இடுக்கில் முடிந்தவரை போடாமல் இருப்பது, தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது. ஆயிரம் லைன் நாட்களுக்கு 2.7 தொற்று என்றிருந்த இடைநிலை அளவு (ஐசியூக்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. அந்த முடிவுகள் 2006இல் வெளியாயின. ஐந்தாவதுதான் எங்களுக்குக் கஷ்டம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிற லைன்கள்தான் அதிகம். இப்போது ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலிலும், இது இன்றைக்கும் தேவையா என்று வாய்விட்டுக் கேட்கிறோம்.

பாட்டில்கள் வந்தன. கணக்கும் ஒரு கோப்பில் போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்தில் ஒரு மாவட்ட மருத்துவமனையை வைத்துச் செய்து 2001இல் வெளியான ஆய்வில், தொற்று வந்தவர்களுக்கு 2.8 மடங்கு செலவானதாகப் படித்திருக்கிறேன். நோயாளிகள் வீட்டுக்குப் போன பிறகும் அவர்களைத் தொடர்ந்து கேட்டு, வீட்டாரின் செலவையும் அதில் பார்த்திருந்தார்கள். அதைப் படித்த பிறகுதான் ரிஜிஸ்டரின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, வெளியே காத்திருப்பவர்களிடமும் கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் கேட்டது அந்த அம்மாவிடம். ஐசியூ வாசலில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தறிக்கூலி எவ்வளவு போனது என்று கேட்டேன். அதை விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிட்டு, கூடைக்குள்ளிருந்து நான்காக மடித்த அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அப்புறம், "பொண்ணை எங்கக்கா ஊட்ல உட்டுருக்கனுங்க. பதினேழு நாளா பள்ளிக்கூடம் போவுல. அதையும் எழுதிக்கறீங்களா?" என்றார்.

எழுதிக்கொண்டேன்.